ஏப்பமும் முழங்கையும்

ஏப்பம் விட்டு வகுப்பைச் சிரிக்கவைத்த பையன் வழக்கில் தோற்றான். போலீஸ் அதிகாரியை நோக்கி முழங்கையை வீசிய பையன் வென்றான். அமெரிக்கப் பள்ளிகளுக்குள் கைவிலங்கு நுழைந்த இரண்டு சம்பவங்களின் தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது இந்தத் தலைகீழ் முடிவுதான். குறும்பு மட்டும் செய்தவனுக்கு நியாயம் எளிதாகக் கிடைத்திருக்க வேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். அது ஏன் கிடைக்கவில்லை, மற்றவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று தேடிப் போகிறவருக்கு, பள்ளிக் கண்டிப்பில் போலீஸ் தலையிட்டால் பெற்றோர் நீதிமன்றப் படி ஏறுவது தகுமா என்ற கேள்விக்கும் சேர்த்தே வெளிச்சம் கிடைக்கிறது.

முதல் சம்பவம் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில், 2011 மே மாதம் நடந்தது. ஏழாம் வகுப்பு மாணவன், 13 வயது. உடற்பயிற்சி வகுப்பில் வேண்டுமென்றே ஏப்பம் விட்டான்; மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை அவனை வெளியே தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார். அங்கிருந்தும் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து ஏப்பத்தைத் தொடர்ந்தான். பாடம் நடத்த முடியாத ஆசிரியை வாக்கி டாக்கியில் உதவி கேட்டார். வந்தவர் அந்தப் பள்ளியிலேயே பணியில் இருந்த நகரப் போலீஸ் அதிகாரி. கல்விப் பணிக்கு இடையூறு செய்வது அந்த மாநிலத்தில் ஒரு சிறு குற்றம். அதன்கீழ் பையனைக் கைது செய்தார். உடலைத் தடவிச் சோதித்தார். விலங்கு பூட்டித் தன் காரில் சிறார் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோனார். அன்றே தாய் வந்து அழைத்துச் சென்றார். அவன்மீது குற்றவழக்கு எதுவும் நடத்தப்படவில்லை.

இரண்டாவது சம்பவம் கென்டக்கி மாநிலத்துக் கோவிங்டன் நகரில், 2014 நவம்பரில் நடந்தது. மூன்றாம் வகுப்பு மாணவன், 8 வயது. மூன்றரை அடி உயரம், 52 பவுண்டு, அதாவது 24 கிலோவுக்கும் குறைவான எடை. கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. குறைபாடு அவனுக்கு உண்டு. சொன்னதைக் கேட்கவில்லை என்று வகுப்பிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவன், அங்கே ஷெரிஃப் துறையைச் சேர்ந்த பள்ளி அதிகாரியை நோக்கி முழங்கையை வீசினான். விலங்கு அவன் மணிக்கட்டில் நிற்காத அளவுக்குப் பெரிது. ஆகவே கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், முழங்கைக்கு மேலே, புஜத்தில் மாட்டினார் அதிகாரி. அப்படியே சுமார் 15 நிமிடம். பள்ளி ஊழியர் ஒருவர் இதைக் காணொளியாக எடுத்திருக்கிறார். பிள்ளை வலி தாங்காமல் கதறுகிறது. சொன்னபடி நடந்துகொள், இல்லாவிட்டால் அதன் விளைவை அனுபவி என்கிற பொருளில் அதிகாரி பேசுகிறார். அதே பருவத்தில் அதே நகரின் இன்னொரு தொடக்கப் பள்ளியில் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கும் அவர் இரண்டு தடவை இப்படியே விலங்கு பூட்டினார். அவள் எடை 56 பவுண்டு. இரு குடும்பங்களும் சேர்ந்தே 2015-ல் வழக்கு தொடுத்தன.

இரண்டுக்கும் உள்ள பொது அம்சங்கள் நிறைய. இரண்டிலும் போலீஸ் அதிகாரி வெளியிலிருந்து வரவில்லை. பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தார். இரண்டிலும் பள்ளியின் கண்டிப்பு எங்கே முடிந்ததோ அங்கே போலீஸின் வேலை தொடங்கியது. நடுவில் யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு வழக்குகளும் நாடியது 1871-ல் இயற்றப்பட்ட ஒரே சட்டத்தை. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கு கிளக்ஸ் கிளான் கும்பல்களிடமிருந்து காக்கப் பிறந்த சட்டம் அது. மாநில அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் குடிமகனின் அரசமைப்பு உரிமையைப் பறித்தால் அவர்மீது நேரடியாக வழக்குப் போடலாம் என்பது அதன் சாரம். இரண்டு தரப்பும் சுட்டிய உரிமையும் ஒன்றே: நியாயமற்ற சோதனைக்கும் பிடித்துவைப்புக்கும் எதிரான நான்காவது திருத்தம்.

ஒரே சட்டம், ஒரே உரிமை, ஒரே கைவிலங்கு. ஆனாலும் இரண்டு நீதிமன்றங்களும் கேட்ட கேள்விகள் வேறு.

அல்புகர்க்கி வழக்கில் மையக் கேள்வி கைது பற்றியது. கைது என்று வந்துவிட்டால், அந்தச் செயல் சட்டப் பிரிவுக்குள் அடங்குவதாக நினைக்க ஓர் அதிகாரிக்கு நியாயமான காரணம் இருந்ததா என்பதே நீதிமன்றத்தின் அக்கறை. செயல் எவ்வளவு சின்னது, செய்தவன் எவ்வளவு சிறியவன் என்பதற்கு அந்தத் தராசில் பெரிய எடை இல்லை. நியூ மெக்சிகோ சட்டமோ மிக அகலமாக எழுதப்பட்டது. பள்ளியின் பணியைக் குலைக்கும் எந்தச் செயலும் அதற்குள் வந்துவிடும் போன்ற வாசகம். வகுப்பு நின்றுபோனது என்று ஆசிரியை சொன்னார். அதைக் கேட்ட அதிகாரி பிரிவு பொருந்துவதாக நினைத்தது நியாயமே என்று, நியூ மெக்சிகோ அடங்கிய பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 ஜூலையில் முடிவு செய்தது. கைது செல்லும் என்றால் கைதோடு பூட்டும் விலங்கும் வழக்கமான நடைமுறை ஆகிவிடுகிறது. அந்தப் புகாரும் அதோடு விழுந்தது.

கோவிங்டன் வழக்கில் கைதே நடக்கவில்லை. குழந்தைகள்மீது குற்றமும் சாட்டப்படவில்லை. ஆகவே மிஞ்சிய முக்கியக் கேள்வி: பயன்படுத்திய பலம் அளவோடு இருந்ததா? அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே அளவுகோல்களைக் கொடுத்திருக்கிறது. குற்றம் எவ்வளவு கடுமையானது, யாருக்காவது உடனடி ஆபத்து உண்டா, ஆள் எதிர்க்கிறாரா அல்லது தப்பி ஓடப் பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்தத் தராசில் வயதும் எடையும் உயரமும் உடனே ஏறிவிடுகின்றன. மூன்றரை அடிப் பிள்ளை வீசிய முழங்கையால் பயிற்சி பெற்ற அதிகாரிக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? புஜத்தில் விலங்கு பூட்ட வேண்டிய நெருக்கடி எங்கே இருந்தது? 2017 அக்டோபரில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி வில்லியம் பெர்ட்டல்ஸ்மன் அது அளவுமீறிய பலம், அரசமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்.

தலைகீழ் முடிவின் விளக்கம் இங்கே இருக்கிறது. போலீஸ் அதிகாரத்தை முழுமூச்சில் பயன்படுத்திக் கைது வரைக்கும் போன அதிகாரியைச் சட்டம் தாங்கிப் பிடித்தது. கைது செய்யாமல், விலங்கை ஒரு பள்ளித் தண்டனைக் கருவியாக மட்டும் கையாண்டவரின் செயலைச் சட்டம் தாங்கவில்லை. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் சிறார் தடுப்பு மையத்துக்குப் போன பயணம் சிறிய தண்டனை ஆகாது. ஆனால் அந்தப் பயணம் நடந்ததால்தான் அவன் புகார் பலவீனமானது. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஓர் அதிகாரத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோவதே அதன் நியாயத்துக்குச் சான்றாகிவிடக் கூடாது.

அல்புகர்க்கி வழக்கை விசாரித்த அமர்விலேயே ஒரு நீதிபதி இப்படித்தான் நினைத்தார். நீல் கோர்சச், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், பெரும்பான்மையின் 94 பக்கத் தீர்ப்புக்கு எதிராக நான்கே பக்கத்தில் மாறுபட்ட கருத்தை எழுதினார். குழந்தையைத் தலைமையாசிரியரிடம் அனுப்பலாம், வகுப்புக்குப் பின் இருக்கவைக்கலாம். கைது எதற்கு என்று கேட்டார். உணர்ச்சி மட்டும் பேசவில்லை அவர். இதே மாதிரியான வாசகம் கொண்ட நியூ மெக்சிகோச் சட்டத்துக்கு மாநில நீதிமன்றமே 1974-ல் குறுகலான பொருள் கொடுத்திருந்தது. பள்ளியின் இயக்கத்தையே கணிசமாகத் தடுக்கும் செயல்தான் குற்றம், சாதாரண வகுப்புக் குறும்பு ஆகாது என்பதற்கு அதுவே போதுமான எச்சரிக்கை என்று காட்டினார். பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இனி, ஓர் எதிர்பாராத ஒற்றுமைக்கு வருவோம். தோற்ற வழக்கில் அதிகாரி தப்பினார் என்பது தெரிந்ததே. வென்ற வழக்கிலும் அதிகாரி தப்பினார்! பெர்ட்டல்ஸ்மன் அவருடைய செயலைக் கண்டித்தார்; அவரைத் தனிப்பட்ட முறையில் விடுவித்தார். அமெரிக்க நீதிமன்றங்கள் 1967 முதல் வளர்த்தெடுத்த ஒரு சட்டக் காப்பு இரண்டு அதிகாரிகளையும் ஒரே மாதிரி மறைத்து நின்றது. அதன்படி, செய்தது தவறு என்பது போதாது. இதே போன்ற சூழலில் அது தவறு என்று முன்பே ஐயமின்றி நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். அதுவும் அந்த வட்டாரத்து நீதிமன்றத்தால் நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் வாதியின் கை பெரும்பாலும் ஓங்கும். இதே மாதிரியான ஒரு விலங்கு வழக்கு அலபாமாவிலிருந்து 2006-ல் பதினோராம் வட்டார நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. அங்கும் பிள்ளைக்கு 9 வயது. அதுவும் உடற்பயிற்சி வகுப்புத் தகராறுதான். பாடம் புகட்டுவதற்காக விலங்கு பூட்டிய அதிகாரிக்குக் காப்பு கிடையாது என்றது அந்த நீதிமன்றம். கென்டக்கி ஆறாம் வட்டாரத்தில் இருக்கிறது. எட்டு ஆண்டுக்குப் பிறகும் அங்கே அந்தத் தீர்ப்பு அதிகாரியைக் கட்டவில்லை. பிள்ளையின் கை எந்த மாநிலத்தில் இருந்தாலும் வலி ஒன்றுதான். சட்டத்தின் தெளிவு மட்டும் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் கோவிங்டன் குடும்பங்கள் எதை வென்றன? அவர்கள் அதிகாரியோடு நிற்காமல் அவரை அனுப்பிய ஷெரிஃப் துறையையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். ஊர் நிர்வாகத்தின் கொள்கையால் உரிமை பறிபோனால் நிர்வாகமே பொறுப்பு என்பது 1978 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதிகாரிக்கு இருக்கும் காப்பு நிர்வாகத்துக்குக் கிடையாது என்பது 1980 தீர்ப்பு. விசாரணையில் ஷெரிஃப் தன் அதிகாரியைக் கைவிடவில்லை. அவர் செய்தது எங்கள் கொள்கைக்கும் பயிற்சிக்கும் உட்பட்டதே என்று சாட்சியம் சொன்னார். தன் ஆளைக் காப்பாற்றச் சொன்ன அந்த வார்த்தையே, ஷெரிஃப் துறை சார்ந்த கென்டன் கவுண்டியைப் பொறுப்பாளியாக்கியது. 2018-ல் கென்டன் கவுண்டி 3,37,000 டாலருக்கும் மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அல்புகர்க்கித் தாயின் வழக்கு போலீஸ் அதிகாரியையும் பள்ளி நிர்வாகிகள் இருவரையும் தனிமனிதர்களாக எதிர்த்து மேல்முறையீட்டுக்கு வந்தது. அதே பையனைச் சில மாதம் கழித்துக் கஞ்சா சந்தேகத்தில் மேலாடைகளைக் கழற்றவைத்துச் சோதித்தது பற்றிய புகாரும் அதில் இருந்தது. எல்லாப் புகாருக்கும் ஒரே காப்பு பதிலாக வந்தது. என் வாசிப்பில், இரண்டு வழக்கையும் பிரித்த மிகப் பெரிய காரணங்களுள் ஒன்று இது. ஒரு குடும்பம் தனிமனிதர்களோடு மோதியது. மற்றக் குடும்பங்கள் அவர்களுக்குப் பின்னால் இருந்த கொள்கையோடும் மோதின.

வழக்கே கூடாது என்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. ஆசிரியர் ஒவ்வொரு கண்டிப்புக்கும் வக்கீலை நினைத்து நடுங்க வேண்டியிருந்தால் வகுப்பு நடக்காது. இழப்பீடு கடைசியில் ஊரார் வரியிலிருந்தே போகிறது. காலம் வேறு கரைகிறது: ஏப்பம் விட்ட பையனின் கதை உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது சம்பவம் நடந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது, புஜத்தில் விலங்கு சுமந்த பையனுக்குத் தீர்வு வர நான்கு ஆண்டு. ஏழாம் வகுப்புக் குறும்பைப் பற்றி நீதிபதிகள் எழுதி முடிப்பதற்குள் அவன் பள்ளிப் பருவமே போய்விட்டது.

ஆனால் இந்த வாதங்களை இரண்டு வழக்கின் உண்மைகளோடு பொருத்தும்போது அவை வேறு இடத்தைச் சுட்டுகின்றன. கோவிங்டனில் குடும்பங்கள் எந்த ஆசிரியர்மீதும் வழக்குப் போடவில்லை. பள்ளி நிர்வாகம்கூடப் பிரதிவாதி இல்லை. அல்புகர்க்கியிலும் பிரச்சினை ஆசிரியையின் கண்டிப்பு அல்ல. அவர் பையனை வெளியே உட்காரவைத்ததை யாரும் குறை சொல்லவில்லை. கண்டிப்பு கையைவிட்டுப் போய்க் குற்றவியல் சட்டத்திடம் ஒப்படைக்கப்பட்ட அந்தக் கணம்தான் நீதிமன்றத்துக்குப் போனது. வாக்கி டாக்கியில் உதவி கேட்ட ஆசிரியைக்கு வேண்டியிருந்தது பையனோடு பத்து நிமிடம் உட்காரக்கூடிய ஒரு பெரியவர். அந்தப் பள்ளி அவருக்கு அனுப்பியது போலீஸ் அதிகாரியை. அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்கும் வழக்கால் ஆசிரியரின் அதிகாரம் குறைவதில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. வெற்றி பெரிய தடத்தையும் தோல்வி சிறிய தடத்தையும் விட்டுப் போயிருக்கும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. கோவிங்டன் தீர்ப்பு ஒரு மாவட்ட நீதிமன்றத்தினுடையது. வேறு எந்த நீதிபதியையும் அது கட்டாது. பணம் வாங்கிச் சமரசம் செய்துகொண்டதால் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசும் வாய்ப்பும் போனது. அல்புகர்க்கித் தீர்ப்போ பத்தாம் வட்டாரத்தின் ஆறு மாநிலங்களிலும் கட்டுப்படுத்தும் முன்னுதாரணம். மேல்முறையீட்டில் தோற்கும் ஒவ்வொரு வழக்கும் அடுத்து வரும் பிள்ளையின் பாதையைக் குறுக்கிவிடும் அபாயம் கொண்டது. வழக்கு தொடுக்கத் துணியும் பெற்றோரும் அவர்களுக்காக வாதாடுகிறவர்களும் இந்தச் சுமையை நினைத்துப் பார்த்தாக வேண்டும். கோவிங்டனில் அமெரிக்கக் குடிமைச் சுதந்திரச் சங்கமான ஏ.சி.எல்.யு.வும் சிறார் சட்ட உதவி அமைப்பு ஒன்றும் குடும்பங்களுக்குத் துணை நின்றன; எந்தப் புகாரை யார்மீது எழுப்புவது என்று அறிந்து எழுப்பின.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. தென் கரோலினாவில் பள்ளிக்கு இடையூறு செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1919 முதல் இருந்தது. பெண்கள் கல்லூரி மாணவிகளை வெளியாட்கள் தொந்தரவு செய்வதைத் தடுக்க எழுந்தது அது. காலப்போக்கில் பள்ளிப் பிள்ளைகளையே ஆயிரக்கணக்கில் குற்றவாளிக் கூண்டுக்கு அனுப்பும் கருவியாக மாறிப்போனது. அங்கே 2016-ல் மாணவர்கள் இழப்பீடு கேட்டுப் போகாமல் அந்தச் சட்டத்தையே எதிர்த்துப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2018-ல் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பிள்ளைகள்மீது அது பாய்ந்த விதம் தெளிவற்றது, அரசமைப்புக்கு முரணானது என்று 2023-ல் நான்காம் வட்டார நீதிமன்றம் உறுதிசெய்தது. அல்புகர்க்கி அதிகாரி சாய்ந்து நின்றதும் இதே இனத்துச் சட்டம்தான். சட்டம் அகலமாக இருக்கும்வரை அதன் நிழலில் நிற்கும் அதிகாரியை அசைப்பது கடினம் என்று அந்தத் தோல்வி காட்டியது. சட்டத்தையே அசைத்தால் அதிகாரியைத் தொடவே வேண்டியதில்லை என்று தென் கரோலினா காட்டியது.

ஆக, வழக்கு தகுமா என்ற கேள்விக்கு நான் தகும் என்றே சொல்வேன். 8 வயதுப் பிள்ளையின் புஜத்தில் விலங்கு பூட்டுவது தவறு என்று கென்டக்கியில் ஒரு நீதிபதி எழுத, யாரோ ஒரு தாய் மனுவில் கையெழுத்திட வேண்டியிருந்தது. புகார்ப் பெட்டியோ பெற்றோர் சங்கக் கூட்டமோ அந்த வேலையைச் செய்திருக்காது. தங்கள் கொள்கைப்படி எல்லாம் சரியாகவே நடந்ததாக நினைத்த துறையிடம் புகார் கொடுத்து என்ன பயன்? கோவிங்டன் வழக்கு பேசுபொருளான பிறகு அமெரிக்க நீதித்துறை அந்த நகரப் பள்ளி நிர்வாகத்தோடு 2017-ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. ஆசிரியர்கள் கையாள வேண்டிய ஒழுங்குப் பிரச்சினைகளுக்குப் போலீஸைக் கூப்பிடுவதைத் தவிர்க்கும் விதிகள் அதில் இடம்பெற்றன. தீர்ப்பு வருவதற்கு முன்பே, வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நிகழ்ந்த மாற்றம் இது. அந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு 3,37,000 டாலரைவிட இதன் பயன் அதிகம் என்று நினைக்கிறேன்.

வழக்குக்கு முன்னால் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பள்ளிக்குள் போலீஸ் அதிகாரி வருவது பெரும்பாலும் பள்ளி நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் இடையிலான எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின்படியே. எந்தச் செயலுக்கு அவரை அழைக்கலாம், எதற்கு அழைக்கக் கூடாது, எத்தனை வயதுக்குக் கீழே விலங்கு கூடாது, ஆசிரியருக்கு முதலில் யார் துணைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கலாம். எழுதியிருந்து மீறினால் வழக்கு தனிமனிதர்மீது. விலங்குக்குக் கொள்கையே இடம்கொடுத்திருந்தால், கோவிங்டனைப் போல, வழக்கு அந்தக் கொள்கையை வகுத்த துறைமீதும்.